பதினேழாம் படி

மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டின் முதல் படியில் ஒரு மூன்று எழுதியிருந்தது. இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் பூஜ்யம். படிக்கு ஒன்றாக, நட்டநடுவில், வெள்ளைச் சாக்பீஸில், உள்ளங்கை அகலத்துக்கு.

“மேடம், இதை மிதிக்கலாமா, தாண்டணுமா?” சோடா ஒற்றைக் காலில் நின்றான்.

“ஓரமா ஏறு. எழுத்து கலையக் கூடாது.”

“கலைஞ்சா எழுதினவருக்குக் கோபம் வருமே. அவர் செத்துப்போய் ஒரு வருஷம் ஆச்சாம்.”

“உன் எடையைப் பார்த்தா எந்த ஆவியும் கிட்ட வராது. ஏறு.”

அவளைத் தொழில் வட்டாரத்தில் ஊசி என்பார்கள். பதினைந்து வருடம் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் பொய்யர்களைப் பிடித்துவிட்டு, பிறகு தனியாகத் துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டியவள். குரலை உயர்த்த மாட்டாள். வலிக்கிற இடம் எதுவென்று பார்த்து நுனியை வைப்பாள், அவ்வளவுதான். உதவியாளன் சோடாவுக்குப் பெயர் வந்தது மூக்குக் கண்ணாடியால். சோடா பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி மாட்டியது போல இருக்கும். வயது முப்பத்திரண்டு. வாய்க்கு மட்டும் இன்னும் பன்னிரண்டு.

படிக்கட்டின் கீழே, சுவரைப் பிடித்தபடி டாக்டர் நின்றிருந்தார். அதே வீட்டின் கீழ்த்தளத்தில் பல் கிளினிக் நடத்துபவர். வெள்ளைக் கோட்டுப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

“இருபதாம் படியில ஒரு சைபர் இருக்கும் பாருங்க. அது இன்னிக்குக் காலையில வந்தது” என்றார்.

“வந்ததா, எழுதினாங்களா டாக்டர்?” சோடா மேலிருந்து கேட்டான்.

டாக்டர் கோட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

படிகள் மொத்தம் இருபத்தாறு. மேலே தகரக் கூரை இருந்ததால் மழை படாது. அந்தக் காலை வெயிலிலும் படிக்கட்டுக்குள் மட்டும் குளிர்ச்சி இருந்தது. கீழே கிளினிக்கிலிருந்து கிராம்பு எண்ணெய் வாசனை ஏறி வந்தது. யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது போன்ற இடம். சோடாகூட ஐந்தாறு படி பேசாமல் ஏறினான்.

மாடியில் இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி. ஒரு வருடத்துக்கு முன் ஒரு காலையில், டாக்டரின் கணவர் இங்கிருந்து கீழே விழுந்து இறந்தார். கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். போலீஸ் ‘தவறி விழுந்தார்’ என்று எழுதி மூடிவிட்டது. தெரு மூடவில்லை. இடுப்பு உயரக் கம்பி இருக்கும்போது ஒரு ஆள் எப்படித் தவறுவான் என்று மளிகைக் கடையில் பேசினார்கள். கிளினிக்கில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டுகூடப் பேசினார்கள்.

ஊசி கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். ஆட்டிப் பார்த்தாள். மலைபோல நின்றது. பிறகு படியில் உட்கார்ந்து, பதினெட்டாம் படியின் எட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து நாலாம் படியின் எட்டைப் பார்த்தாள்.

“டாக்டர், இதெல்லாம் உங்க வீட்டுக்காரர் எழுத்துன்னு போன்ல சொன்னீங்க.”

“அந்த எட்டைப் பாருங்க. ரெண்டு வட்டத்தைத் தனித்தனியாப் போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி. அவர் அப்படித்தான் போடுவார். வேற யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.”

“பதினெட்டாம் படியில அப்படித்தான் இருக்கு. ஆனா நாலு, ஏழு, எட்டு, பதிமூணு, இந்தப் படிகள்லயும் எட்டு இருக்கே? எல்லாம் ஒரே இழுப்புல போட்ட எட்டு. கை மாறியிருக்கு.”

டாக்டரின் விரல்கள் சுவரில் நகர்ந்தன.

“இன்னொண்ணு. ஒரு நாளைக்கு ஒரு இலக்கம். இன்னிக்கு இருபதாவது நாள். நீங்க நாலு நாளாத்தான் பயந்துபோயிருக்கறதா சொன்னீங்க. அப்ப முதல் பதினாறு நாள் ஏன் பயப்படலை?”

டாக்டர் சொன்னார்: “அந்தப் பதினாறும் நான் எழுதினது.”

சோடா படியில் சறுக்கப் பார்த்து, சமாளித்தான்.

*

கிளினிக்கின் பின்னறையில் உட்கார்ந்து பேசினார்கள். அலமாரியில் பிளாஸ்டர் பல்வரிசைகள் வாய் பிளந்து சிரித்தன. சோடா நாற்காலியை அவற்றுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

டாக்டர் ஒரு நீள நோட்டை மேசையில் வைத்தார்.

“அவர் இந்தப் படிக்கட்டு ஏறும்போதெல்லாம் முணுமுணுப்பார். மூணு, முப்பத்தாறு, முந்நூத்தறுபதுன்னு. ஒன்பது வருஷமா. இன்னும் எனக்குக் காதுல கேக்குது. பேஷன்ட் பல்லைக் குடையும்போது மிஷின் சத்தத்துக்குள்ள அவர் குரல் கேக்குது. அவர் போய் ஒரு வருஷம் ஆன அன்னிக்கு, சாக்பீஸ் எடுத்துட்டுப் போய் முதல் படியில மூணு எழுதினேன். ஏன்னு கேக்காதீங்க. அடுத்த நாள் ஆறு. நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பதினாறோட நோட்டு முடிஞ்சுபோச்சு.”

“பதினேழாம் நாள்?”

“காலையில போனேன். எழுத எதுவும் இல்லை. அந்தப் படியிலயே உட்கார்ந்து கொஞ்ச நேரம்...” அவர் நிறுத்தினார். “கீழே வந்துட்டேன். மத்தியானம் மாடிக்குப் போனேன். பதினேழாம் படியில ஒரு ஒண்ணு இருந்தது. அடுத்த நாள் எட்டு. அவரோட எட்டு.”

ஊசி நோட்டைத் திறந்தாள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: ‘இருபத்தாறு படியும் ஏறுகிற எண் உண்டா?’ அதன் கீழே வகுத்தல்கள், பக்கம் பக்கமாக. அவள் இரண்டு நிமிடம் புரட்டினாள்.

“சோடா, கணக்கு வருமா உனக்கு?”

“பள்ளிக்கூடத்துல கணக்குக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை மேடம். வகுத்தல் மட்டும் வரும்.”

“அது போதும். இவர் தேடினது ஒரு விசித்திரமான எண். முதல் இலக்கம் ஒண்ணால வகுபடணும். முதல் ரெண்டு இலக்கம் சேர்ந்து ரெண்டால வகுபடணும். முதல் மூணு, மூணால. மூணு, முப்பத்தாறு, முந்நூத்தறுபது, மூவாயிரத்து அறுநூத்தி எட்டு. மூவாயிரத்து அறுநூத்தி எட்டு நாலால போகுதா?”

“தொள்ளாயிரத்து ரெண்டு. போகுது.”

“இப்படிப் படிக்குப் படி. முதல் பத்துப் பன்னிரண்டு படி வரைக்கும் ஆயிரக்கணக்குல எண்கள் ஏறுது. அதுக்கு மேல ஒவ்வொண்ணா முட்டி விழுது. பத்தைத் தாண்டிட்டா ஒரு படிக்கு ஒரே ஒரு இலக்கம்தான் பொருந்தும். இல்லைன்னா எதுவுமே பொருந்தாது. இவர் ஒன்பது வருஷமா எல்லாத்தையும் ஏத்திப் பார்த்து, இறக்கிவிட்டு, கடைசியா ஒரு எண்ணைக் கையில வச்சிருந்திருக்கார்.” அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

3608528850368400

“பதினாறு இலக்கம். பதினேழாவது என்னன்னு நீ வகுத்துச் சொல்லு.”

சோடா நோயாளிகளின் முன்பதிவுச் சீட்டைக் கிழித்து, நாக்கைத் துருத்திக்கொண்டு வகுக்கத் தொடங்கினான். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, யாரும் கேட்காமலே பேசினார்.

“அன்னிக்குக் காலையில சாப்பிடும்போது சொன்னார், ‘மத்ததெல்லாம் முட்டிடுச்சு, இது ஒண்ணுதான் மிச்சம், இன்னிக்கு இது எதுவரைக்கும் போகுதுன்னு பார்த்துடுவேன்’னு. மகளைக் காலேஜ்ல சேர்க்க அன்னிக்கே போகணும். தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ‘அந்த நம்பரையே கட்டிக்கிட்டு மாடியிலயே கிடங்க, கீழே வராதீங்க’ன்னு கத்தினேன். மக பக்கத்துலயே நின்னுட்டிருந்தா.” அவர் குரல் தாழ்ந்தது. “ஒரு மணி நேரத்துல கீழே வந்துட்டார். படி வழியா வரலை.”

சோடாவின் பென்சில் மட்டும் ஓடியது.

“மக ஹாஸ்டலுக்குப் போயிட்டா. போன் பண்ணா எடுக்கறதில்லை. எடுத்தாலும் ‘ம்’. அவளும் அதான் நினைக்கிறா. இப்ப அவர் படிப் படியா ஏறி வர்றார். என்னைக் கேக்கத்தான் வர்றார்.”

“அவர் வரலை டாக்டர்” என்றான் சோடா.

அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. சீட்டை மேசையில் வைத்தான்.

“பதினாறு இலக்கத்தையும் பதினேழால வகுத்தா ஒண்ணு மீதி நிக்குது. அந்த ஒண்ணு பக்கத்துல ஏழை இறக்கினா பதினேழு. கச்சிதமாப் போகும். படியில எழுதியிருக்கிறது ஒண்ணு. இறக்கினா பதினொண்ணு. போகாது. ஒன்பது வருஷம் இதையே போட்ட மனுஷன், செத்தாலும் இந்தத் தப்பைப் பண்ண மாட்டார்.”

ஊசி முதல்முறையாகச் சிரித்தாள். “சபாஷ். பதினெட்டாம் படியையும் பார்த்துடு.”

“பதினெட்டால வகுபடணும்னா இலக்கங்களோட கூட்டுத்தொகை ஒன்பதால போகணும், கடைசி இலக்கம் இரட்டைப்படையா இருக்கணும். பதினாறும் சேர்ந்து அறுபத்தாறு. தப்பான ஒண்ணைச் சேர்த்தா அறுபத்தேழு. அடுத்தது அஞ்சு போட்டாத்தான் எழுபத்திரண்டு ஆகும். ஆனா அஞ்சு ஒற்றைப்படை. அதனால பதினேழுல ஒண்ணு போட்டவர் பதினெட்டுல முட்டிக்கிட்டு நின்னிருக்கணும். இவர் நிக்காம எட்டுப் போட்டிருக்கார். ஒண்ணுக்குப் பதிலா ஏழு இருந்தா, அந்த எட்டு சரி! எழுபத்து மூணும் எட்டும் எண்பத்தொண்ணு.”

“ஆக, எழுதினவர் கணக்கே போடலை” என்றாள் ஊசி. “எதையோ பார்த்து எழுதியிருக்கார். ஏழை ஒண்ணுன்னு படிச்சிருக்கார். டாக்டர், உங்க வீட்டுக்காரரோட ஏழைப் பாருங்க.” நோட்டின் ஓரத்தில் ஒரு வகுத்தல். அதில் இருந்த ஏழுக்கு மேல்கோடே இல்லை. லேசாகத் தலை குனிந்த ஒன்று போல இருந்தது. “முதல் பதினாறு இலக்கத்துல ஒண்ணும் இல்லை, ஏழும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழியில்லை. சரி, எதைப் பார்த்து எழுதினார்? நோட்டு பதினாறோட நின்னுபோச்சு. மிச்சத்தை உங்க வீட்டுக்காரர் அன்னிக்குக் காலையில, மாடியில, தனித்தாள்ல போட்டிருக்கார். அவர்கிட்ட இருந்ததா போலீஸ் என்ன கொடுத்தாங்க?”

“பேனா. கண்ணாடி. கைக்கடிகாரம்.” டாக்டரின் முகம் வெளுத்தது. “தாள் எதுவும் இல்லை.”

“அந்தத் தாளை எடுத்த ஆள், அன்னிக்கு அவர் பக்கத்துல இருந்திருக்கார்.”

“மேடம், இதுக்கு ஆவியே தேவலை” என்றான் சோடா மெதுவாக.

*

பகலில் அந்தப் படிக்கட்டில் ஏறக்கூடியவர்கள் மூன்று பேர். கிளினிக்கின் வரவேற்பறைப் பெண், துவைத்த துண்டுகளைக் காயப்போட ஏறுவாள். இறந்தவரின் நண்பரான புள்ளியியல் பேராசிரியர் தினமும் காலையில் வந்து மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். மூன்றாவது ஆள் டாக்டரின் கொழுந்தன். வீட்டுக்குப் பின்புறம் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், சாப்பாடு அண்ணி வீட்டில்தான்.

“பேராசிரியர் இல்லை. அவர்னா வகுத்துப் பார்த்திருப்பார்” என்றான் சோடா.

வரவேற்பறைப் பெண் கேட்காமலே கொட்டினாள். “ஒரு வாரமா நான் மாடிப்பக்கமே போகலை மேடம். துண்டெல்லாம் உள்ளேயே ஃபேன்ல காயுது. நேத்து எக்ஸ்ரே ரூம்ல தானா லைட் எரிஞ்சது.”

“சுவிட்சை யாரு போட்டது?”

“நான்தான். ஆனா அணைச்சதா ஞாபகம்.”

பட்டறையில் கொழுந்தன் ஒரு கேட்டைப் படுக்கவைத்து வேலை செய்துகொண்டிருந்தான். நாற்பது வயது, தோள் அகலமான ஆள். அவர்களைப் பார்த்ததும் கருப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். கண்கள் சிவந்திருந்தன. தொழிலால் இருக்கலாம்.

“அண்ணே, என் வாயை வெல்டு பண்ணிவிட முடியுமான்னு மேடம் கேக்கச் சொன்னாங்க” என்றான் சோடா.

கொழுந்தன் சிரிக்கவில்லை. “அண்ணி எப்படி இருக்காங்க?”

“பயந்துபோயிருக்காங்க” என்றாள் ஊசி. “உங்க அண்ணன் திரும்பி வர்றார்னு நினைக்கிறாங்க.”

அவன் முகத்தில் ஏதோ இடிந்தது. “பயந்துட்டாங்களா? பயப்படறதுக்கு என்ன இருக்கு? அவர் வீடுதானே. வந்தா வரட்டுமே.” சட்டென்று குனிந்து, எரியாத வெல்டிங் ராடைக் கேட்டின் கம்பியில் வைத்துத் தேய்த்தான்.

சுவரோரம் வெட்டுவதற்குக் குறித்துவைத்த தகடுகள் சாய்ந்து நின்றன. எல்லாவற்றிலும் சாக்பீஸில் அளவுகள். ஊசி அவற்றைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நின்றாள். பிறகு, “இன்னிக்குக் கிளினிக் திறக்கறதுக்கு முன்னாடியே எல்லாரையும் முன்னறையில பார்க்கணும். நீங்களும் வாங்க” என்றாள்.

வெளியே வந்ததும் சோடா கேட்டான்: “என்ன மேடம் பார்த்தீங்க?”

“பார்த்ததை வச்சு ஒரு ஆளைச் சந்தேகப்படலாம். அவ்வளவுதான். அந்த ஆளா வாயைத் திறக்கணும். ஒரு வருஷமா திறக்காத வாய். மிரட்டினா இன்னும் இறுகிடும்.”

“அப்புறம்?”

“பொய் சொல்லப் போறேன். டாக்டருக்கு ரொம்ப வலிக்கும். வேற வழி தெரியலை.”

*

முன்னறையில் நோயாளிகளின் நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்தார்கள். பேராசிரியரின் கால்சட்டை நுனி தண்ணீரில் நனைந்திருந்தது. கொழுந்தன் உட்காராமல் கதவோரம் நின்றான். வரவேற்பறைப் பெண் தன் மேசைக்குப் பின்னாலேயே இருந்துகொண்டாள்.

ஊசி படியில் இருந்த இருபது இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதிப் பேராசிரியரிடம் நீட்டினாள்.

“சார், இது படி ஏறுதான்னு பார்த்துச் சொல்லுங்க.”

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணக்கில் இறங்கினார். சுவர்க்கடிகாரம் மட்டும் நடந்தது.

“பதினேழுல தப்பு” என்றார் கடைசியில், வருத்தத்தோடு. “வகுபடலை. அதுக்கு மேல ஏறவே முடியாது.”

“நானும் அதைத்தான் பார்த்தேன்.” ஊசி டாக்டரை நோக்கித் திரும்பினாள். “டாக்டர், உண்மையைச் சொல்லிடறேன். இது உங்க வீட்டுக்காரர் கணக்குதான். ஆனா அவர் பதினேழுல தப்புப் பண்ணிட்டார். ஒன்பது வருஷ உழைப்பு அங்கேயே முட்டிடுச்சு. அவர் முடிக்கலை. அது தெரிஞ்சதும் மனசு உடைஞ்சிருக்கும். தெருவுல பேசறாங்களே, அது சரியா இருக்கலாம்.”

டாக்டர் அப்படியே இருந்தார். அழவில்லை. மடியில் இருந்த கைகள் மட்டும் மெல்லத் திறந்துகொண்டன. எதையோ இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்து இப்போது விட்டுவிட்டது போல.

“தோத்துட்டாரா?” என்றார்.

“ஆமா. தோத்துட்டார்.”

“முடிச்சார்!”

குரல் கதவோரத்திலிருந்து வந்தது. ஜன்னல் கண்ணாடி அதிரும் குரல்.

“அண்ணன் முடிச்சார் அண்ணி! இந்தம்மா பொய் சொல்றாங்க. அண்ணன் தப்பே பண்ணலை. இருபத்தஞ்சு வரைக்கும் போட்டார். கடைசி ரெண்டு இலக்கம் ரெண்டு, அஞ்சு. எங்கிட்ட இருக்கு!”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். கொழுந்தன் சட்டையின் உள்பையில் கைவிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தான். அதற்குள் நாலாக மடித்த தாள். ஊசி வாங்கிப் பிரித்து, பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் வாய்விட்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

3608528850368400786036725

“பதினேழாவது ஏழு” என்றாள் ஊசி. “அண்ணன் ஏழுதான் போட்டிருக்கார். நீங்கதான் ஒண்ணுன்னு படிச்சுட்டீங்க.”

“ஏழா?” கொழுந்தன் தாளை எட்டிப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். “நான்தான் தப்பா எழுதினேனா?”

“எட்டை மட்டும் அவர் மாதிரியே எழுதினீங்க. பட்டறைத் தகட்டுல எல்லாம் அதே எட்டு. ரெண்டு வட்டம்.”

“எங்க வீட்ல அப்படித்தான் எழுதப் பழகினோம். ரெண்டு பேரும் ஒரே சிலேட்டுல. இந்த ஏழு அவர் காலேஜ் போனப்புறம் பழகினது” என்றான் அவன்.

பிறகு அவனே சொன்னான்.

“அன்னிக்கு மாடிக் கம்பியில ஒரு பக்கம் துருப்பிடிச்சிருந்தது. வெட்டி எடுத்துட்டுப் புதுசு வச்சேன். நாலு இடத்துல பொட்டு வச்சு நிறுத்தியிருந்தேன், முழுசா ஒட்டலை. ராடு தீர்ந்துபோச்சு. எடுக்கக் கீழே வந்தேன். அண்ணன் மாடியிலதான் உட்கார்ந்து எழுதிட்டிருந்தார். சாயாதீங்கன்னு சொல்லியிருக்கணும். சொல்லலை. அஞ்சு நிமிஷத்துல வந்துடுவோமேன்னு நினைச்சேன்.

“பட்டறை வாசல்ல நிக்கறேன், மேலேர்ந்து கூப்பிட்டார். ‘டேய், இருபத்தஞ்சோட நின்னுடுச்சுடா! இருபத்தாறு கிடையவே கிடையாது! நான் கண்டுபிடிச்சுட்டேன்டா!’ன்னார். தாளை ஆட்டிக் காட்டினார். காட்டறதுக்காக எட்டிச் சாய்ஞ்சார். கம்பி ஒரு பக்கம் பிச்சுக்கிட்டுச்சு.” அவன் உள்ளங்கையைத் தரையில் பதித்தான். “முகம் சிரிச்சுக்கிட்டே இருந்தது அண்ணி. அவர் விழுந்தப்புறம்தான் தாள் வந்தது. மெதுவா, ஆடி ஆடி. என் காலடியில விழுந்தது.”

“கம்பி?” என்றாள் ஊசி.

“அண்ணி ஆம்புலன்ஸ்ல போனதும், மேல போய் இழுத்து வச்சு ஒட்டிட்டேன். பெயின்ட் அடிச்சேன். கை நடுங்கலை மேடம். அதை நினைச்சாத்தான் இன்னிக்கும் தூக்கம் வரலை.”

டாக்டர் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார்.

“வேற என்ன சொன்னார்? விழறதுக்கு முன்னாடி?”

கொழுந்தன் நிமிர்ந்து பார்க்கவில்லை. “‘உங்க அண்ணிகிட்ட நானே வந்து சொல்றேன், அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே’ன்னார்.”

“நீ திறக்கலை.”

“அண்ணி...”

“ஒரு வருஷம். தினமும் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டே. என் வார்த்தைதான் அவரைத் தள்ளிச்சுன்னு நான் நினைச்சுட்டிருந்தேன். என் மக என்னைப் பார்க்கறதில்லை. அதையெல்லாம் பார்த்துக்கிட்டே இன்னும் கொஞ்சம் குழம்பு போடுங்கன்னு கேட்டே.”

“சொல்லத்தான் நினைச்சேன். ஒவ்வொரு நாளும். ஒரு நாள் போனா அடுத்த நாள் இன்னும் கஷ்டமாச்சு. அப்புறம் நீங்க படியில எழுத ஆரம்பிச்சீங்க. பின்னாடி வாசல்ல நின்னு பார்ப்பேன். பதினேழாம் படியில உட்கார்ந்து அழுதீங்க. அடுத்தது எங்கிட்ட இருந்தது. அவர் முடிச்ச கணக்கு உங்களுக்கு வந்து சேரணும்னு... பயந்துடுவீங்கன்னு தோணவே இல்லை அண்ணி. சத்தியமா.”

டாக்டர் கையை ஓங்கினார். அது பாதியில் நின்றது. பிறகு அந்தக் கையாலேயே பேராசிரியரிடமிருந்து தாளை வாங்கிக்கொண்டார். எண்ணுக்குக் கீழே, கோணல்மாணலாக ஒரு வரி இருந்தது: ‘26 இல்லை. காலேஜுக்குக் கிளம்பணும்.’

அதைப் படித்தபோதுதான் அவருக்கு அழுகை வந்தது. சோடா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பேராசிரியர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மன்னிச்சுடுங்க டாக்டர்” என்றாள் ஊசி. “உங்களை வச்சு அவரைக் குத்தினேன்.”

“நீங்க குத்தினது வலி போறதுக்கு.” டாக்டர் கோட்டின் கையால் முகத்தைத் துடைத்தார். மேசையிலிருந்த போனை எடுத்து எண்களை அழுத்தினார். வெகுநேரம் மணி அடித்தது. துண்டிக்கப்பட்டது. மறுபடி அழுத்தினார். மூன்றாவது முறை எடுத்தார்கள்.

“வைக்காதேடி. ஒரு நிமிஷம். அப்பா குதிக்கலை.” அவர் கண்களை மூடிக்கொண்டார். “இல்லை, நான் அழலை. கேளு. சித்தப்பா இங்கதான் இருக்கார். அவரே சொல்வார்.”

போனைத் தரையில் உட்கார்ந்திருந்தவனிடம் நீட்டினார். கொழுந்தன் அதைச் சுடுகிற இரும்பைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு வாங்கிக் காதில் வைத்தான். “பாப்பா...” என்று ஆரம்பித்தான். நடுவில் ஓரிடத்தில் போனின் மறுமுனை அலறியது அறை முழுக்கக் கேட்டது. அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. முழுவதையும் சொன்னான்.

முடித்ததும் டாக்டர் சொன்னார்: “தம்பி, இப்ப இவங்களோட ஸ்டேஷனுக்குப் போங்க. கம்பியை ஒட்டினது வரைக்கும் எதையும் விடாம சொல்லுங்க. திரும்பி வரும்போது இந்த வீட்ல உங்களுக்கு இலை போடுவேனான்னு எனக்கு இப்பத் தெரியாது. தெரிஞ்சா சொல்றேன்.”

“சரி அண்ணி.”

*

காவல் நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நடந்தே போனார்கள். கொழுந்தன் நடுவில், ஊசியும் சோடாவும் இரு பக்கமும். வழியில் மளிகைக் கடையில் நின்றிருந்த இரண்டு பேர் அவர்களைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். சோடா நின்று, “அண்ணே, சாயங்காலம் வாங்க, முழுக்கதையும் நானே சொல்றேன். இப்ப வச்சிருக்கற கதை பழசாயிடுச்சு” என்றான்.

இன்ஸ்பெக்டர் பழைய கோப்பைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரமானது. தூசியைத் தட்டிவிட்டு, வாக்குமூலம் எழுதத் தொடங்கினார். துரு, பொட்டு, ராடு, பெயின்ட் என்று எல்லாவற்றையும் கொழுந்தன் வரிசையாகச் சொன்னான். பேனா ஓரிடத்தில் நின்றது.

“அது சரிப்பா. ஒரு வருஷமா எவனும் உன்னைச் சந்தேகப்படலை. கோப்பையே மூடிட்டோம். இன்னிக்கு என்ன திடீர்னு?”

கொழுந்தன் கைகளைப் பார்த்தான். பிறகு இன்ஸ்பெக்டரை நேராகப் பார்த்தான்.

“எங்க அண்ணன் கணக்குல தப்புப் பண்ணிட்டார்னு சொன்னாங்க சார். அவர் பண்ணலை. முதல்ல அதை எழுதிக்கங்க.”